வெயில் செய்யாத கறுப்பு

அந்தமானில் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படம் எடுத்துத் திரும்புகிறவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: அங்கே வெயில் கொடுமை. மணல் சுண்ணாம்பாக வெளுத்துவிடுகிறது, காடு தார் பூசியது போல அப்பிக்கொள்கிறது, நடுவில் இருக்க வேண்டிய சாம்பல் நிறங்கள் காணாமல் போகின்றன. குறையில் நியாயம் இருப்பதாகவே தோன்றும். போர்ட் பிளேர், அரசு ஏட்டில் இப்போது ஸ்ரீ விஜயபுரம், நிலநடுக்கோட்டிலிருந்து 12 பாகைக்குள் இருக்கிற ஊர். ஏப்ரல் 20-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22-ஐ ஒட்டியும் சூரியன் அங்கே நேராக உச்சந்தலைக்கு மேல் நிற்கும். ஆனால் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அந்தத் தீவுகளில் எடுக்கப்பட்ட படங்களை, அவை எந்தத் தகட்டில் பதிந்தன, எந்த மருந்தில் கழுவப்பட்டன, எந்தத் தாளில் அச்சாயின என்பதோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் வெயிலின் மேல் போட்ட வழக்கு நிற்பதில்லை. அந்தக் கறுப்பில் பெரும்பங்கு வேறு மூன்றுக்கு உரியது: நிறம் தெரியாத தகடு, கஞ்சத்தனமான எக்ஸ்போஷர், சூடான தண்ணீரில் அளவுக்கு மீறிய டெவலப்மென்ட். மூன்றும் படம் எடுப்பவர் கையில் இருப்பவை.

வெயிலின் பங்கை முதலில் பார்த்துவிடலாம். ஒரு நிழல் எவ்வளவு கறுப்பு என்பதைத் தீர்மானிப்பது நிழலுக்குள் வந்து விழும் மற்ற வெளிச்சம். தக்காணத்தில் தை மாதத்துக் காற்று வறண்டது. வானம் ஆழ்ந்த நீலம். கரிசல் மண் விழுந்த வெளிச்சத்தையும் விழுங்கிவிடும். அங்கே நிழல் உண்மையிலேயே கடினம். தீவுகளில் ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை; காற்றில் எப்போதும் ஈரம்; தெளிந்த நாளிலும் வானம் பால் கலந்த நீலமாகத்தான் இருக்கும். அந்த வெளிறிய வானம் முழுவதும் நிழலுக்குள் வெளிச்சம் ஊற்றுகிறது. போதாததற்குக் கீழே பவளம் பொடிந்த வெள்ளை மணல். உச்சி வெயிலில் கண்குழியும் தாடையின் அடிப்பக்கமும் கறுக்கும் என்பது பொது விதி. ராதாநகர் கடற்கரையில் நிற்பவர் முகத்தில் அந்தக் கறுப்பில் பாதியை மணலே கீழிருந்து துடைத்துவிடும்; ஸ்டுடியோவில் வெள்ளைத் தட்டியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்கிற வேலை அது. கடிகாரமும் ஏமாற்றுகிறது. இந்திய நேரம் கிழக்கே 82½ பாகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. போர்ட் பிளேர் இருப்பது 92¾ பாகையில். அங்கே உச்சிப்பொழுது ஏறத்தாழ 11.20-க்கே வந்துவிடும். சென்னையில் பத்து மணிக்கு அடிக்கிற வெயில் அங்கே 9.10-க்கு. சென்னைக் கணக்கில் பத்து மணிக்குக் கேமராவை வெளியே எடுத்துவிட்டு வெயிலைத் திட்டுவதில் அர்த்தமில்லை. ஐந்து மணிக்கே விடிந்துவிடுகிற ஊர் அது.

அதற்காக வேறுபாடே இல்லை என்று சொல்ல வரவில்லை. பசுமைமாறாக் காட்டின் தரைக்கு, மேலே விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பங்குதான் இறங்கி வரும். காட்டின் ஓரத்தில் நின்று, உள்ளே இருக்கும் அடிமரத்தையும் வெளியே இருக்கும் மணலையும் ஒரே சட்டத்தில் பிடித்தால் இரண்டுக்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம் வந்துவிடலாம். அந்தப் படத்துக்குத் தனிக் கணக்கு உண்டு, பின்னால் வரும். ஆனால் தீவுகளில் எடுக்கப்படும் எல்லாப் படங்களும் காட்டோரத்தில் எடுக்கப்படுவதில்லை. மணலும் கடலும் மட்டும் இருக்கிற படத்திலும், மேகமூட்டத்தில் எடுத்த படத்திலும் அதே கறுப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது என்றால் அதன் காரணத்தை வேறிடத்தில்தான் தேட வேண்டும்.

தேட வேண்டிய முதல் இடம் பழைய தகடு. அந்தமானில் கேமரா இறங்கியது 1857 இறுதியில். கைதிகளைக் குடியேற்ற இடம் பார்க்க மூவாட் என்பவர் தலைமையில் கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட குழுவுடன் ஆஸ்கர் மாலிட் என்ற புகைப்படக்காரர் சென்றார். 1872-இல் ஜார்ஜ் எட்வர்ட் டாப்சன் என்ற மருத்துவர், வௌவால் ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர், அந்தமானியரைப் படம் எடுத்தார். எட்வர்ட் ஹொரேஸ் மான் அதே காலத்தை ஒட்டி அந்தமானிலும் நிக்கோபாரிலும் எடுத்தார். அன்றைய வெள்ளி உப்புத் தகடுகளுக்கு ஊதாவும் நீலமும் மட்டுமே தெரியும். பச்சை அரைகுறை, சிவப்பு அறவே இல்லை. பச்சைக்கும் மஞ்சளுக்கும் தகட்டைப் பழக்கலாம் என்று ஜெர்மனியின் ஃபோகல் கண்டுபிடித்ததே 1873-இல். எல்லா நிறமும் தெரிகிற பான்குரோமாட்டிக் தகடு விற்பனைக்கு வர 1906 ஆயிற்று. நீலம் மட்டும் தெரிகிற கண்ணுக்குத் தீவு எப்படி இருக்கும்? நீலத்தை உறிஞ்சிவிடும் இலை கறுக்கும். வானம் மேகம் உட்பட வெறும் வெள்ளையாகும். மாநிறத் தோல் திருப்பி அனுப்பும் வெளிச்சத்தில் சிவப்பும் மஞ்சளும்தான் அதிகம். அவை பதியாததால் தோல் இருப்பதைவிடக் கறுத்துத் தெரியும். அந்தமானியர் உடலில் பூசிக்கொள்வது இரண்டு: ஒன்று வெள்ளைக் களிமண், இன்னொன்று செங்காவிப் பொடியைப் பன்றிக் கொழுப்பிலோ ஆமைக் கொழுப்பிலோ குழைத்த சிவப்பு. நேரில் பார்ப்பவருக்கு எடுப்பாகத் தெரிகிற அந்தச் சிவப்பு, தகட்டுக்குக் கறுப்பின் மேல் கறுப்பு. வெள்ளைக் களிமண் கோடுகள் மட்டும் எரிகிற வெள்ளையாக எழுந்து நிற்கும். ஒரே உடலில் தீட்டிய இரண்டு வண்ணங்களில் ஒன்று மிகைப்பட்டு இன்னொன்று அழிந்துபோகிறது. இப்படிப் பிறந்த முரட்டுக் கறுப்பு வெள்ளையை அந்த மக்களின் இயல்பாகவும் அந்த வெயிலின் இயல்பாகவும் வாசித்தவர்கள் ஐரோப்பாவில் ஏராளம். உண்மையில் அது வெள்ளி அயோடைடின் இயல்பு.

இதற்கு எதிர்ச்சான்று அதே தீவிலிருந்தே கிடைக்கிறது. மாரிஸ் விடல் போர்ட்மன் 1879 முதல் அந்தமானியருக்குப் பொறுப்பான அதிகாரியாக இருந்தவர். 1890-களின் முதற்பாதியில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காகப் பெரிய கண்ணாடித் தகடுகளில் நூற்றுக்கணக்கான படங்கள் எடுத்து, பிளாட்டினம் தாளில் அச்சிட்டு அனுப்பினார். பிளாட்டினம் முறைக்கு வில்லியம் வில்லிஸ் காப்புரிமை பெற்றது 1873-இல். வெள்ளித் தாளைவிட நீண்ட வீச்சுள்ள நெகட்டிவை அது தாங்கும். ஆழ்ந்த கறுப்பு அதில் வராது, ஆனால் கறுப்பை ஒட்டிய சாம்பல் நிறங்கள் ஒன்றிலிருந்து ஒன்று விலகி நிற்கும். போர்ட்மனின் நல்ல பிரிண்டுகளில் கருந்தோலின் மேல் வெளிச்சம் சரிகிற இடங்கள், தோள்பட்டையின் வளைவு, நாரில் முறுக்கிய கயிற்றின் இழை எல்லாம் தனித்தனியே தெரிகின்றன. அதே தீவு, அதே வெயில். மாறியது தாளும் எடுத்தவரின் பொறுமையும். 1896-இல் மானிடவியலாளருக்கான புகைப்பட முறை பற்றி அவர் எழுதிய கட்டுரை, மங்கலான கலைப்பாணி இந்த வேலைக்கு ஆகாது என்று ஒதுக்கிவிட்டு, பொதுவான வெளிச்சம் சரியாக இருந்து விவரம் மறையாமல் இருப்பதே முக்கியம் என்கிறது. விவரம் மறையக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்ட ஒருவர் கையில் அந்தமான் வெயில் அடங்கித்தான் இருந்தது.

இங்கே இரண்டு மறுப்புகள் எழலாம். முதலாவது, போர்ட்மன் அதிகாரி. ஆட்களை விரும்பிய இடத்தில் நிறுத்தி, விரும்பிய நேரம் அசையாமல் இருக்கச் சொல்லும் அதிகாரம் அவரிடம் இருந்தது. அந்த வசதி மற்றவருக்கு ஏது? இது உண்மை. ஆனால் ஆளை நிறுத்துவது முதல் வேலை என்று ஏற்றுக்கொண்டாலே வெயில் குற்றவாளி இல்லை என்று ஆகிவிடுகிறது. இரண்டாவது மறுப்பு கனமானது. நோயாலும் குடியேற்றத்தாலும் அழிந்துகொண்டிருந்த ஒரு மக்களை அளந்து, ஆடை களைந்து, கட்டம் போட்ட திரைக்கு முன் நிறுத்தி எடுத்த படங்களின் சாம்பல் நிறத்தைப் பாராட்டிப் பேசலாமா? பாராட்டு அல்ல இது. அந்தப் படங்களின் குற்றம் வேறு, அவற்றின் சாட்சியம் வேறு. முகங்களைக் கறுப்புத் திட்டாக்கிய நகல்கள் அந்த மக்களை இரண்டாம் முறையும் இல்லாமல் ஆக்குகின்றன. ஜராவா போன்ற பழங்குடிகளைப் படம் எடுப்பது இன்று சட்டப்படி குற்றம். 1956-இன் பாதுகாப்பு ஒழுங்குமுறையை 2012-இல் திருத்தி இறுக்கியிருக்கிறார்கள். ஆகவே இனிப் புதிதாக எடுக்கப் போவதில்லை, எடுக்கவும் கூடாது. பழைய படங்களை எந்த கான்ட்ராஸ்டில் மறுபடி அச்சிடுவது என்பது மட்டும் முடியாத கேள்வியாக நிற்கிறது.

இரண்டாவது தேட வேண்டிய இடம் நெகட்டிவ் உருவாகும் விதம். தமிழில் நாம் ‘ஃபிலிம் கழுவுவது’ என்கிறோம். வழக்குச் சொல்தான், ஆனால் விஷயத்தை மறைக்கிற சொல். பாத்திரம் கழுவுவது போல, எப்படிக் கழுவினாலும் உள்ளே இருப்பதே வெளிவரும் என்ற எண்ணத்தை அது தருகிறது. 1890-இல் ஹர்ட்டரும் டிரிஃபீல்டும் இங்கிலாந்தில் வெளியிட்ட ஆராய்ச்சி இதைத் தெளிவாக்கியது. விழுந்த வெளிச்சத்தையும் அதனால் நெகட்டிவில் படிந்த அடர்த்தியையும் வரைபடமாகப் போட்டால் ஒரு வளைகோடு வரும்; கழுவும் நேரம் கூடக் கூட அந்தக் கோடு செங்குத்தாகும். அதாவது வெளிச்சப் பகுதிகள் மேலும் மேலும் அடர்த்தியாகும். நிழல் பகுதி ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கும். நிழலுக்கு எக்ஸ்போஷர், வெளிச்சத்துக்கு டெவலப்மென்ட் என்று இருட்டறைக்காரர்கள் இன்றும் சொல்வதன் வேர் இது. அந்த ஆராய்ச்சி வந்ததும், புகைப்படமும் கலையே என்று அதுவரை வாதாடிவந்த எமர்சன், நிறச்சாயல்கள் கலைஞன் கையில் இல்லை என்றால் அது கலையே இல்லை என்று சொல்லித் தன் கொள்கைக்குத் தானே இரங்கல் வெளியிட்டார். அவசரக்காரர். கோட்டின் சாய்வு கையில்தான் இருக்கிறது என்பதை அதே ஆராய்ச்சி சொல்லிக்கொண்டிருந்தது.

காட்டோரப் படத்தின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சாதாரண வெயில் காட்சியில் விவரம் வேண்டிய நிழலுக்கும் விவரம் வேண்டிய வெளிச்சத்துக்கும் ஏழு ஸ்டாப், அதாவது 128 மடங்கு, மடக்கையில் 2.1. லென்சுக்குள் சிதறும் வெளிச்சம் அதில் 0.4 அளவு தின்றுவிடும், மீதி 1.7. வழக்கமான டெவலப்மென்டில் கோட்டின் சாய்வு சுமார் 0.6, பெருக்கினால் நெகட்டிவின் வீச்சு ஏறத்தாழ 1.0. கான்ட்ராஸ்டில் இரண்டாம் தரத் தாள் இதைச் சுகமாக ஏற்கும். காட்டோரத்தில் பத்து ஸ்டாப், மடக்கையில் 3.0, சிதறல் போக 2.6, அதே 0.6-ஆல் பெருக்கினால் 1.56. எந்தச் சாதாரணத் தாளுக்கும் இது மிஞ்சும். மணல் வெளுக்கிறது, மணலைக் காப்பாற்ற பிரிண்டை அடர்த்தியாக்கினால் காடு அப்பிக்கொள்கிறது. சாய்வை 0.4-க்கு இறக்கிவிட்டால் பெருக்கம் மறுபடி 1.04. ஆகவே தீர்வு கழுவும் நேரத்தைக் குறைப்பது. குறைப்பதால் நிழல் பக்கம் சற்று மெலியும் என்பதால் ஒரு ஸ்டாப் கூடுதலாக எக்ஸ்போஷர் கொடுப்பது. 400 ஃபிலிமை 200 என்று வைத்து எடுத்தால் போதும். மீட்டர் மணலைப் பார்த்து மயங்கிக் குறைவான எக்ஸ்போஷர் சொல்லும். அதை நம்பி எடுத்துவிட்டு, நெகட்டிவ் மெலிவாக வந்ததே என்று அடுத்த ரோலை அதிக நேரம் கழுவுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. நிழல் பட்டினி கிடக்கிறது, வெளிச்சத்துக்கு விருந்து.

தீவில் இந்தக் கணக்கைக் குலைப்பது தண்ணீர். டெவலப்மென்ட் அட்டவணைகள் 20 பாகை செல்சியஸுக்கு எழுதப்பட்டவை. போர்ட் பிளேர் குழாயில் வருவது 28 பாகையை ஒட்டி இருக்கும். ஒவ்வொரு பாகை ஏற்றத்துக்கும் நேரம் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைகிறது என்று கொண்டால், எட்டுப் பாகைக்கு நேரம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். இல்ஃபோர்டின் எச்பி5 பிளஸ் ஃபிலிமை ஐடி-11 மருந்தில் நீர் சேர்க்காமல் கழுவ 20 பாகையில் ஏழரை நிமிடம். 28 பாகையில் அது மூன்றே கால் நிமிடம். சாய்வைக் குறைக்க அதிலும் முப்பது சதவீதம் வெட்டினால் இரண்டேகால் நிமிடம். மருந்தை ஊற்றவும் வடிக்கவுமே அரை நிமிடம் போகும். திட்டுத் திட்டாகத்தான் வரும். அட்டவணையை மறந்து ஏழரை நிமிடமே விட்டால் கோடு செங்குத்தாகி, மணல் இரும்புத் தகடாக அடைத்துக்கொள்ளும். அந்தமான் வெயில் என்று பெயர் வாங்கிய கறுப்பில் கணிசமான பகுதி இந்தத் தண்ணீரில் பிறந்தது என்பதே என் முடிவு.

வெப்ப நாட்டு முறைகள் என்று பழைய கைநூல்கள் தருபவை பல. மருந்தில் சோடியம் சல்ஃபேட் சேர்த்து ஜெலட்டின் ஊதிப்போவதைத் தடுப்பது, குரோம் படிக்காரத்தில் கெட்டிப்படுத்துவது, பனிக்கட்டிப் பையை மிதக்கவிடுவது. ஃபிலிமின் மேற்பூச்சு இளகிக் கழன்றுவந்த காலத்துக்கு முதல் இரண்டும் அவசியமாக இருந்தன. இன்றைய ஃபிலிம்கள் ஆலையிலேயே கெட்டிப்படுத்தப்பட்டு வருகின்றன. பனிக்கட்டி டெவலப்பரை மட்டும் குளிர்விக்கும். பின்னால் வருகிற ஹைப்போவும் அலசும் தண்ணீரும் 28 பாகையிலேயே இருக்க, ஃபிலிம் குளிரிலிருந்து சூட்டுக்குத் தாவும். அதைவிட எளிய வழி, மருந்தின் பலத்தைக் குறைப்பது. ஒரு பங்கு ஐடி-11-க்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்தால் 20 பாகையில் 20 நிமிடம். 28 பாகையில் எட்டரை. முப்பது சதவீதம் வெட்டினால் ஆறு நிமிடம். ஆற அமரச் செய்யலாம். நீர்த்த மருந்துக்கு இன்னொரு குணமும் உண்டு: வெளிச்சம் அதிகம் விழுந்த இடத்தில் அது சீக்கிரம் தீர்ந்துபோகிறது, நிழலில் தீராமல் வேலை செய்கிறது. மணலை அடக்கிக் காட்டை எழுப்புகிற வேலையில் பாதியை அதுவே பார்த்துக்கொள்ளும். எண்களை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். தண்ணீரையும் தெர்மாமீட்டரையும் வைத்து ஒரு ரோலைச் சோதனைக்குக் கொடுத்த பிறகே நிச்சயம் சொல்ல முடியும்.

ஃபில்டர் விஷயத்தில் தீவுக்காரர்களைவிட விருந்தாளிகள்தான் அதிகம் சறுக்குகிறார்கள். மேகம் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று சிவப்பு ஃபில்டரை மாட்டிவிடுகிறார்கள். தெளிந்த நாளில் நிழலை நிரப்புவது வானத்தின் நீல வெளிச்சம். சிவப்புக் கண்ணாடி அதை உள்ளே விடாது. இலையின் பச்சையம் சிவப்பை உறிஞ்சிக்கொள்வதால் காடும் கறுக்கும். வானத்துக்கு ஆசைப்பட்டு, 1857-இன் நீலத்தகடு செய்த தவற்றை எதிர்ப்பக்கத்திலிருந்து செய்வதுதான் இது. மஞ்சள் ஃபில்டர் ஒரு ஸ்டாப் விலைக்கு வானத்தைச் சற்றுத் தணிக்கும். மஞ்சள்பச்சை ஃபில்டர் இலைகளைத் தனித்தனியே பிரித்துக் காட்டும். பச்சையின் பத்து விதங்கள் நிறைந்த ஒரு நிலத்துக்கு அதுவே பொருந்தும். லென்சில் படியும் உப்புப் பனியும், மழைக்காலத்தில் கண்ணாடிக்குள் படரும் பூஞ்சையும் எதிர்த்திசையில் வேலை செய்து கான்ட்ராஸ்டைக் குறைக்கின்றன. அந்தக் குறைவு நிழலில் சேறு கலக்கிய மாதிரி வருவதால் யாருக்கும் பயன்படாது.

முப்பத்தாறு படம் உள்ள ரோலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கழுவும் நேரம் எப்படிக் கொடுப்பது என்று கேட்பார்கள். ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940-ஐ ஒட்டி லாஸ் ஏஞ்சலிஸில் வகுத்த மண்டல முறை தனித்தனித் தகடுகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது என்பது சரிதான். ரோலில் சராசரிக்குத்தான் இடம். ஆனால் சராசரியை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பது நம் விருப்பம். தாராளமாக எக்ஸ்போஷர் பெற்று மிதமாகக் கழுவப்பட்ட மென்மையான நெகட்டிவை நான்காம் தரத் தாளில் போட்டு எழுப்பிவிடலாம். மழை நாள் படமும் அதில் தேறும். நிழல் பதியாத கடின நெகட்டிவை எந்தத் தாளும் மீட்காது. ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை ‘இந்து’ என்ற பெயரில் சரக்கு தந்துகொண்டிருந்த நாட்களில், கைவசம் இருந்த தாளின் தரத்துக்கு ஏற்ப நெகட்டிவை அமைக்க வேண்டியிருந்தது. ஒரே தாளில் 00 முதல் 5 வரை தரம் மாற்றித் தரும் மல்டிகிரேடு கிடைக்கிற இன்று மென்மையின் பக்கம் சாய்வதற்குத் தயக்கம் தேவையே இல்லை. ஸ்கேனர் எல்லாவற்றையும் சரிசெய்யும் என்பதும் இதே கதைதான்: அடைத்துக்கொண்ட மணலில் அது இரைச்சலைத்தான் எடுத்துத் தரும், வெறுமையான நிழலில் எடுக்க எதுவும் இருக்காது.

கடைசியாக நிற்பது ரசனை சார்ந்த மறுப்பு: கறுப்பு வேண்டும் என்றே எடுக்கிறோம், அதிலென்ன தவறு? செல்லுலார் சிறை இதற்குச் சரியான உரைகல். 1896-இல் தொடங்கி 1906-இல் முடிந்த கட்டடம்; ஏழு சிறகுகளில் மூன்று மிஞ்சியிருக்கின்றன. கொட்டடிக்குள் மூன்று மீட்டர் உயரத்தில் ஒரு காற்றுத்துளை, எதிரே கம்பிக் கதவு. துளையைப் பார்த்து எக்ஸ்போஷர் வைத்தால் நான்கு பக்கமும் கும்மிருட்டு, மேலே ஒரு வெள்ளைச் சதுரம். பார்த்ததும் நெஞ்சைப் பிடிக்கும், சுற்றுலாப் பிரசுரங்களுக்கும் பிடிக்கும். ஆனால் அடைபட்டிருந்தவர் ஆண்டுக்கணக்கில் பார்த்தது சுவரை. இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அந்தச் சுவரில் பூச்சு உதிர்ந்த இடம், ஈரம் ஏறிய கோடு, துளையிலிருந்து இறங்கும் வெளிச்சம் நாளெல்லாம் நகர்கிற பாதை எல்லாம் தெரிந்திருக்கும். சுவருக்கு எக்ஸ்போஷர் கொடுத்து, துளை அடைத்துக்கொள்ளாதபடி நீர்த்த மருந்தில் கழுவிய நெகட்டிவிலிருந்து இரண்டு படத்தையும் எடுக்கலாம்: ஐந்தாம் தரத்தில் போட்டால் கும்மிருட்டு, இரண்டாம் தரத்தில் போட்டால் சுவர். கறுப்பை விரும்புகிறவருக்கும் இதில் நஷ்டமில்லை.

போர்ட்மனின் படங்களுக்கும் இதே உரைகல்லைப் பயன்படுத்த வழி இருக்கிறது. அளவெடுப்பதற்காக ஆட்களை அவர் நிறுத்தியது கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் தீட்டிய ஒரு திரைக்கு முன். 1869-இல் லாம்ப்ரே என்பவர் பட்டு நூலால் இரண்டு அங்குலக் கட்டம் கட்டி அளந்த வழக்கத்தின் தொடர்ச்சி அது. உயரத்தையும் தோள் அகலத்தையும் எண்ணிச் சொல்வதைத் தவிர அதற்கு வேறு நோக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு சட்டத்திலும் பெயிண்ட் வெள்ளை ஒன்றும் பெயிண்ட் கறுப்பு ஒன்றும் அதே வெளிச்சத்தில், ஆளுக்குப் பக்கத்திலேயே நிற்கின்றன. புத்தகத்துக்காக நகலின் நகல் எடுக்கும்போது கான்ட்ராஸ்ட் ஏறி, முகம் கறுப்புக் கட்டத்தோடு கலந்துபோகிறது. அடுத்து இந்தப் படங்களை அச்சுக்குக் கொடுப்பவர் முகத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியதில்லை. வெள்ளைக் கட்டத்தில் தீற்றிய தூரிகைத் தடம் தெரிகிறதா, கறுப்புக் கட்டத்தின் விளிம்பு நிழலிலிருந்து பிரிகிறதா என்று பார்த்து அந்த இரண்டையும் முதலில் சரிசெய்துவிட்டால், இரண்டுக்கும் இடையில் அந்த முகம் எங்கே நிற்கிறதோ அங்கே நிற்கும்.